கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்: பழுதாகும் முன்பே மாற்ற வேண்டுமா?

குடியாத்தம் ஸ்டூடியோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண ஆல்பம் வடிவமைப்பதும் வீடியோ எடிட் செய்வதும்தான் முதன்மையான வேலை. ஐ3-10100 பிராசசர், 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு உள்ளூரிலேயே அசெம்பிள் செய்த கணினி என்னுடையது. வாங்கும்போது கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்தான் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) இன்றுவரை அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மீது 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

சில மாதங்களாக மாலை நேரத்தில் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் நொடியில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மின்சாரம் போகாமலேயே, வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும் நடுவில் ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும் இருக்கிறது. கேபினெட்டின் வெளிப்புறத்தை வெறுங்காலோடு நின்று தொட்டால் சுரீரென்று லேசாக ஷாக் அடிக்கிறது.

இந்த நிலையில் எடிட்டிங் வேகத்துக்காக 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போடலாம் என்று நினைக்கிறேன். வழக்கமாக வரும் சர்வீஸ் இன்ஜினியர், எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் ஓடுகிறது, கார்டுக்கான 8 பின் ஒயர் அதில் இல்லாவிட்டாலும் கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன், செத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வேறொருவர் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள் என்கிறார். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பு தேவையில்லாத செலவு எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் காசு கொடுத்து மாற்றத்தான் வேண்டுமா?


பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம் சார். வேலூரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். முடிவு சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 3.3, 5, 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். மல்டிமீட்டர் கிடைத்தால், பயன்படாமல் தொங்கும் நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ட்டையும், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட்டையும் கணினி சும்மா இருக்கும்போது ஒரு முறையும் எக்ஸ்போர்ட் ஓடும்போது ஒரு முறையும் அளந்து பாருங்கள். மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்ப வேண்டாம்; மதர்போர்டு சென்சார்கள் பல நேரங்களில் பொருளில்லாத எண்களைக் காட்டும். மாலையில் சுவர் பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது, எக்ஸ்போர்ட்டின்போது பிராசசர் வெப்பம் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும்.

கெர்னல் பவர் 41 என்பது கணினி முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அதை வைத்து எஸ்எம்பிஎஸ் மீது குற்றம் சாட்டவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். நம் 230 வோல்ட், உள்ளே டிசியாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறிப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கக்கூடும்.


குடியாத்தம் ஸ்டூடியோ எழுதியது:

நன்றி சார். லேபிளில் உள்ளவை: 3.3 வோல்ட் 16 ஆம்பியர். 5 வோல்ட் 20 ஆம்பியர். 12 வோல்ட் 16 ஆம்பியர். மைனஸ் 12 வோல்ட் 0.5 ஆம்பியர், ஸ்டாண்ட்பை 5 வோல்ட் 2 ஆம்பியர். பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கிறது.

கணினி சும்மா இருக்கும்போது 12 வோல்ட் லைனில் 11.92, எக்ஸ்போர்ட்டின்போது 11.48 வருகிறது. 5 வோல்ட் லைன் 5.02இலிருந்து 5.14 ஆகிறது. காலையில் சுவரில் 225 வோல்ட் வருகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் 190 அளவுக்கு இறங்கிவிடுகிறது. எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரிலேயே ஒரு மாவு மில்லும் இருக்கிறது. பிராசசர் 78 டிகிரியைத் தாண்டவில்லை.


பாலாற்றங்கரை எழுதியது:

நல்ல விவரங்கள். 78 டிகிரி என்றால் பிராசசர் சூடேறி நிற்கிறது என்ற சந்தேகத்தை ஒதுக்கிவிடலாம். இன்டெல் பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போதுதான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும்.

இப்போது லேபிளைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 3.3 வோல்ட்டில் சுமார் 53 வாட், 5 வோல்ட்டில் 100, 12 வோல்ட்டில் 192, மைனஸ் 12இல் 6, ஸ்டாண்ட்பையில் 10. எல்லாவற்றையும் கூட்டினாலும் 361 வாட்தான் வருகிறது. மேலே பெரிய எழுத்தில் 450 என்று போட்டவரே கீழே சிறிய எழுத்தில் அதை மறுத்திருக்கிறார். நல்ல தயாரிப்புகளில் தனித்தனி லைன்களின் கூட்டுத்தொகை மொத்த வாட்டைவிட அதிகமாக இருக்கும். ஏனென்றால் எல்லா லைனிலும் ஒரே நேரத்தில் முழு அளவை எடுக்கக் கூடாது என்பதற்காக மொத்தத்துக்குத் தனியாக ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். உங்களுடையதில் அது தலைகீழாக இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் 12 வோல்ட் லைனிலிருந்தே எடுக்கின்றன என்பது. 3.3, 5 வோல்ட் லைன்களில் தாராளமாகவும் 12 வோல்ட்டில் கஞ்சத்தனமாகவும் கொடுப்பது பழைய காலத்து வடிவமைப்பு. எனவே எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் 12 வோல்ட் லைனின் ஆம்பியர்தான். உங்களிடம் இருப்பது 192 வாட். ஐ3-10100 சாதாரணமாக 65 வாட், சுமை ஏறும் முதல் சில நொடிகளில் 90 வாட் வரை இழுக்கும்; நீங்கள் போட நினைக்கும் கார்டு 130 வாட்; மதர்போர்டு, டிஸ்க்குகள், ஃபேன்கள் என்று 30, 40 வாட். மொத்தம் 250ஐத் தாண்டுகிறது. இது தவிர, கிராபிக்ஸ் கார்டுகள் சில மில்லிசெகண்டு நேரத்துக்குத் தம் அளவைவிட நிறையவே இழுத்துவிட்டுத் திரும்பும். லேபிளில் உள்ள ஒவ்வொரு எண்ணும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் கார்டு இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ஓடக் கூடாது. கார்டைத் தயாரித்த என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைப்பது, சந்தையில் உங்களுடையதைப் போன்றவை இருக்கின்றன என்று தெரிந்துதான் என்று நினைக்கிறேன்; தரமான 450 வாட் ஒன்று உங்கள் கணினிக்குப் போதும், 550 வாங்கினால் கவலையில்லை.

கன்வெர்ட்டர் விஷயத்தில் சர்வீஸ்காரரோடு எனக்கு உடன்பாடில்லை. 8 பின் கனெக்டர் 150 வாட் வரை கொண்டு செல்வதற்கானது. மெல்லிய ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு அதை எடுத்தால் ஒயரும் பின்னும் சூடேறும். டிஸ்க்குகளுக்குச் செல்லும் சாடா கனெக்டரிலிருந்து எடுப்பது இன்னும் மோசம்; அதன் 12 வோல்ட் பின்கள் மொத்தமாகவே 4.5 ஆம்பியருக்கு, அதாவது 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. 8 பின் ஒயரை எஸ்எம்பிஎஸ்ஸே கொடுக்கவில்லை என்றால், அந்த வேலைக்கு அது செய்யப்படவில்லை என்று அதைச் செய்தவரே சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளவுகளுக்கு வருகிறேன். 12 வோல்ட்டில் 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தைக் கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி அனுமதிக்கிறது, அதாவது 11.40 முதல் 12.60 வரை. உங்கள் 11.48 எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் கார்டு இல்லாமலேயே, லேபிள் சொல்வதில் பாதியைச் சற்றே தாண்டிய சுமைக்கே எல்லைக் கோட்டருகில் வந்து நிற்கிறது. 12 வோல்ட் இறங்கும்போது 5 வோல்ட் ஏறுவதையும் கவனியுங்கள். இரண்டு லைன்களையும் ஒரே கட்டுப்பாட்டில் கட்டிவைத்த மலிவு வடிவமைப்பின் அடையாளம் அது. ஒன்றைத் தூக்கிவிட முயலும்போது மற்றொன்றும் சேர்ந்து ஏறுகிறது. மேலும், மல்டிமீட்டர் காட்டுவது சராசரி மட்டுமே. கண நேரச் சரிவுகளும், 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய ரிப்பிள் என்னும் அலைவும் அதில் தெரியாது. அவற்றைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும்.

மாலையில் மின்சாரம் போகும் நொடியில் ஏன் ரீஸ்டார்ட் என்பதற்கும் விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. மின்சாரம் போனதிலிருந்து இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் வரை கணினியைத் தாங்குவது முன்னே சொன்ன பெரிய கெப்பாசிட்டர்தான். மேல்நிலைத் தொட்டியில் நிற்கும் தண்ணீரைப் போல. முழுச் சுமையிலும் சுமார் 16 மில்லிசெகண்டு அது தாங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதில் சேரும் ஆற்றல் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 190 வந்தால் சேமிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பயன்படக்கூடிய பகுதி அதைவிடவும் அதிகமாகக் குறையும். விலையைக் குறைப்பதற்காகச் சிறிய கெப்பாசிட்டரைப் போட்டிருந்தாலோ, நம் ஊர் வெயிலில் அது வயதாகிப் போயிருந்தாலோ கேட்கவே வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். அக்னி நட்சத்திர நாட்களில் அறையே 40 டிகிரி என்றால் கேபினெட்டுக்குள் எவ்வளவு என்று யோசியுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களை 40 அல்லது 50 டிகிரியில் முழு வாட் தரும் என்று குறிப்பிட்டு விற்பதும், கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி வகை என்று விளம்பரம் செய்வதும் இதற்காகத்தான்.

ஆகவே என் கருத்து: கார்டு போடுவதானால் மாற்றுவது கட்டாயம். கார்டு போடாவிட்டாலும், எக்ஸ்போர்ட் நடுவில் நிற்கும் கணினியில் வாடிக்கையாளரின் திருமண வீடியோவை வைத்துக்கொண்டு நீங்கள் காத்திருக்கக் கூடாது.


ஆரணி கணக்கர் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் எல்லோரும் நாளையே எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஆரணியில் பட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதும் என்னைப் போன்றவர்களின் பில்லிங் கணினிகள் மானிட்டர் நீங்கலாக 60, 70 வாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. அவற்றில் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்கள் ஃபேன் சத்தம் போடத் தொடங்கும் வரை பல ஆண்டுகள் ஓடுவதைப் பார்க்கிறேன். அந்தக் கணினிகளுக்கு 3000 ரூபாய் எஸ்எம்பிஎஸ் வாங்குவதைவிட, அதே பணத்தில் ஒரு வெளி டிஸ்க் வாங்கித் தினமும் பேக்கப் எடுப்பதே அறிவுடைமை. ஸ்டூடியோக்காரரின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் கேட்டதில் ஷாக் அடிக்கும் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. புது எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அது தீர்ந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுவதும் ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். வெறுங்காலோடு தொடும்போது அதுதான் சுரீரென்கிறது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸிலும், அல்லது அதில்தான் இன்னும் தவறாமல், இது நடக்கும். இந்தக் கசிவு பெரும்பாலும் ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் உள்ளே ஏதேனும் பழுதாகி பேஸ் நேராகக் கூட்டைத் தொட்டுவிட்டால் காப்பாற்ற அங்கே எர்த் இல்லை என்பதே கவலைக்குரியது.

எலக்ட்ரீஷியனை வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் அளவுக்கு நெருக்கமாக வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் சரியாகக் காட்டினாலும் எர்த் வலுவாக இருக்கிறது என்று பொருளில்லை; டெஸ்ட் பல்பைப் போட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது நம் பக்கத்தில் சாதாரணம். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் செருகியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


காட்பாடி பேட்டரி எழுதியது:

இன்வெர்ட்டர் எந்த வகை என்று சொல்லவில்லையே, நண்பரே? அது தருவது சதுர அலையான ஸ்கொயர் வேவா, சுவர் மின்சாரத்தைப் போன்ற சீரான அலையான சைன் வேவா? பின்புறம் யுபிஎஸ், நார்மல் என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா?


குடியாத்தம் ஸ்டூடியோ எழுதியது:

ஸ்கொயர் வேவ்தான். சுவிட்ச் இருக்கிறது, நார்மலில் இருக்கிறது. எர்த் விஷயத்தில் ஆரணி நண்பர் சொன்னது சரியாகவே இருக்கும் போலிருக்கிறது. ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் ஒயரே இணைக்கப்படவில்லை. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், கார்டு மூன்றையும் ஒரே மாதத்தில் வாங்க இயலாது. எதை முதலில் வாங்குவது?


காட்பாடி பேட்டரி எழுதியது:

அந்தச் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள், செலவில்லாத வேலை. நார்மலில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், கணினிக்கு நீளம். யுபிஎஸ் நிலையில் வேகமாக மாறும். ஆனால் அதில் 180 வோல்ட்டை ஒட்டி மின்சாரம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். உங்கள் தெருவில் மாலை 190 என்றால் பேட்டரி அடிக்கடி வேலை செய்யும். தண்ணீர் அளவைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது இந்த ஸ்கொயர் வேவ் ஒரு தொல்லையாகலாம். நல்ல எஸ்எம்பிஎஸ்களில், உள்ளே வரும் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற பகுதி இருக்கும். அதனால் 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்றுக்கொள்ளும் வகைகள் கிடைக்கின்றன. சிவப்பு சுவிட்ச் கிடையாது. மாலை 190 அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவற்றில் சில, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கனமான சுமையோடு ஓடும்போது அணைந்துவிடுகின்றன. எல்லாம் அப்படி அல்ல, எது அப்படி என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. கணினிக்குத் தனியாக லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். குறைந்த வோல்ட்டேஜை அது பேட்டரியைத் தொடாமலேயே உயர்த்திக் கொடுக்கும். அதிலும் பேட்டரி ஓட்டம் பெரும்பாலும் தூய சைன் வேவ் அல்ல என்பதால் அளவில் தாராளம் வேண்டும். 600 விஏ என்று விற்பது வழக்கமாக 360 வாட்தான். மானிட்டரும் கார்டும் சேர்ந்தால் இடமிருக்காது. 1000 விஏ பாருங்கள்.


பாலாற்றங்கரை எழுதியது:

வரிசையைக் கேட்டீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் எர்த்தையும் முதலில் சரிசெய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் இந்த மாதமே. அதன் பிறகு யுபிஎஸ். கார்டு கடைசியாக வரட்டும்; ஆவணி முகூர்த்தம் முடிந்து கைக்கு வரும் பணத்தில் வாங்கினாலும் நஷ்டமில்லை, ஏனென்றால் எடிட்டிங் மெதுவாக நடந்தால் நேரம்தான் போகிறது, நடுவில் நின்றால் வேலையே போகிறது.

வாங்கும்போது 80 பிளஸ் முத்திரையைக் கடைக்காரர் காட்டுவார். அது 2004இல் தொடங்கிய திட்டம். உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. வோல்ட்டேஜ் நிலையாக இருக்குமா, ஷார்ட் ஆனால் அணைந்துகொள்ளுமா என்பதை அது சொல்வதில்லை. ஆனாலும் அதில் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) என்ற நிலையின் முத்திரை உள்ள ஒன்றில் அடிப்படைத் தரம் ஓரளவு இருக்கும் என்பதால் அதற்குக் கீழே போகாதீர்கள். கோர்சேர், கூலர் மாஸ்டர், டீப்கூல், ஆன்டெக் என்று எந்தப் பெயராக இருந்தாலும், ஒரே நிறுவனத்திலேயே உயர்ந்த வரிசையும் மலிவு வரிசையும் உண்டு. எனவே பெயரைவிட மாடலைப் பாருங்கள்: 12 வோல்ட் லைனில் மொத்த வாட்டுக்கு நெருக்கமான அளவு, அதிக வோல்ட்டேஜ், அதிகச் சுமை, ஷார்ட், வெப்பம் ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள், 5 ஆண்டு வாரண்டி. உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் விலை குறையலாம். ஆனால் டெஸ்டிங் வாரண்டி மட்டும் என்று சொல்லும் கடையில், பில் இல்லாமல் வாங்காதீர்கள். பழுதானால் எங்கே கொடுத்து வாங்குவது என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது ஒயர்கள் தனியாகக் கழலும் மாடுலர் வகையானால், பெட்டியில் வந்த ஒயர்களையே பயன்படுத்த வேண்டும். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர் அதே துளையில் பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் உங்கள் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடும். கழற்றிய பழையதை ஆரணி நண்பர் சொன்னதுபோல் ஒரு பில்லிங் கணினியில் போட்டு ஓட்டலாம் என்று தோன்றும். அளவுகள் இப்படி இருக்கும் ஒன்றை நான் அதற்கும் தரமாட்டேன். அப்படியே யாரிடமாவது கொடுத்தாலும் சிவப்பு சுவிட்ச் 230இல் இருப்பதைப் பார்த்துக் கொடுங்கள். 115இல் வைத்து நம் மின்சாரத்தில் போட்டால் உள்ளே உள்ள கெப்பாசிட்டர் வெடிக்கும்.

கடையில் எந்த மாடல் இருக்கிறது என்று கேட்டு, அதன் லேபிளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பணம் கொடுக்கும் முன்பே பார்த்துச் சொல்கிறேன்.


குடியாத்தம் ஸ்டூடியோ எழுதியது:

மிக்க நன்றி. இன்வெர்ட்டர் சுவிட்சை மாற்றிவிட்டேன். புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டபின் கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கவில்லை. ஆனால் எக்ஸ்போர்ட்டின்போது 12 வோல்ட் லைன் அதே 11.48இல்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வேலூர் வருகிறேன், லேபிளின் படத்தை அன்றே போடுகிறேன்.